பால் மரத்துக்கு வாழ்வு தந்த ரிட்லி



விடியுமுன் எழுந்து, பெரட்டில் பேர் கொடுத்துவிட்டு, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குப் போனவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். நீங்கள் போகாவிட்டாலும் உங்கள் அம்மாவோ பாட்டியோ போயிருப்பார். உளியைப் பட்டையில் வைத்து, இடப்பக்கம் உயரமாகவும் வலப்பக்கம் தாழ்வாகவும் ஒரே சீராக இழுத்தால், மெல்லிய சீவல் சுருண்டு கீழே விழும். வெள்ளை வெளேரென்று பால் கோட்டு வழியே ஓடி மங்கில் சொட்டும். உளி கொஞ்சம் ஆழமாகப் போய் மரத்தில் காயம் பட்டுவிட்டால் கங்காணியின் ஏச்சு நிச்சயம்.

சரி, ஒரு கேள்வி. ஏன் அதிகாலையிலேயே வெட்டணும்? ஏன் புது இடத்தில் வெட்டாமல் போன தடவை வெட்டிய கோட்டிலேயே வெட்டணும்? பட்டையைத்தானே சீவுகிறோம், அதில் ஆழம் போனால் என்ன குறைந்துவிடும்? வருடக்கணக்காக மரம் வெட்டிய கைகளுக்கு இதெல்லாம் பழக்கம். பழக்கமாகிவிட்ட காரியத்தை யாரும் ஏன் என்று கேட்பதில்லை.

ஆனால் ஒரு காலத்தில் ஒரு மனிதர் கேட்டார். கேட்டதோடு நிற்காமல், மரத்தடியில் நின்று, வெட்டிப் பார்த்து, அளந்து பார்த்து, எழுதி வைத்து விடை கண்டார். அவர் பெயர் ஹென்றி நிக்கலஸ் ரிட்லி. நம்ம பாட்டன் பூட்டன் இந்த நாட்டுக்கு வந்ததற்கும், இந்தத் தோட்டங்கள் உண்டானதற்கும், ஏன், நம்ம தோட்டப் பள்ளிகள் எழுந்ததற்கும்கூட அவருடைய அந்த விடை ஒரு காரணம். அவருடைய கதையைத்தான் உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

பாதிரியார் வீட்டுப் பிள்ளை

1855ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 10ஆம் நாள், இங்கிலாந்தின் நார்ஃபோக் மாவட்டத்தில் வெஸ்ட் ஹார்லிங் என்ற சிற்றூரில் ரிட்லி பிறந்தார். தகப்பனார் ஒரு பாதிரியார். பையனுக்குச் செடி கொடிகளிலும் பூச்சி புழுக்களிலும் ஆசை. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் அறிவியல் படித்தார். 1880இல் லண்டனில் உள்ள பிரிட்டிஷ் அரும்பொருளகத்தின் தாவரப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தார். உலகின் பல மூலைகளிலிருந்து வந்து சேரும் காய்ந்த செடிகளுக்குப் பேர் கண்டு, இனம் பிரித்து, வரிசைப்படுத்தி வைப்பது அங்கே வேலை.

காய்ந்த இலையைப் பார்த்தவருக்கு உயிருள்ள காட்டைப் பார்க்க ஆசை வராதா? 1887இல் பிரேசில் கரைக்கு அப்பால் உள்ள ஃபெர்னாண்டோ டி நொரோன்யா தீவுக்கு ஆராய்ச்சிப் பயணம் போய் வந்தார். மறு ஆண்டே, 1888இல், சிங்கப்பூர் தாவரத் தோட்டத்துக்கு இயக்குநராக அனுப்பப்பட்டார். அப்போது வயது முப்பத்திரண்டு.

அவருக்கு முன்பே வந்த விருந்தாளிகள்

ரிட்லி சிங்கப்பூரில் கால் வைத்தபோது ரப்பர் மரங்கள் அங்கே அவருக்காகக் காத்திருந்தன. அவை வந்த வழியையும் தெரிந்துகொள்ளுங்கள்.

ரப்பர் மரத்தின் தாய்நாடு தென் அமெரிக்காவின் அமேசான் காடு. 1876இல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலின் தப்பஜோஸ் ஆற்றுப் பகுதியிலிருந்து ஏறக்குறைய 70,000 விதைகளைக் கப்பலேற்றி, லண்டனுக்கு அருகிலுள்ள கியூ தாவரத் தோட்டத்தில் சேர்த்தார். ரப்பர் விதை எண்ணெய்ச் சத்து உள்ளது. நாள் ஆக ஆக முளைப்புச் சக்தி போய்விடும். அதனால் நூற்றுக்கு நான்கு விதைகூட முளைக்கவில்லை. முளைத்த கன்றுகளில் பெரும்பகுதி இலங்கைக்குப் போனது. 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றில் சிலவற்றைத் தாவரத் தோட்டத்தில் நட்டார்கள், சிலவற்றைப் பேராக்கின் கோலகங்சாருக்குக் கொண்டுபோய் நட்டார்கள்.

மரங்கள் நன்றாக வளர்ந்தன. ஆனால் அவற்றை வைத்து என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. பத்துப் பன்னிரண்டு வருடமாக அவை சும்மா நின்றன.

கொன்று எடுத்த பால்

அந்தக் காலத்தில் மரத்திலிருந்து பால் எடுத்த விதம் எப்படித் தெரியுமா? பிரேசில் காட்டில் சின்னக் கோடரியால் அடிமரத்தைக் கொத்துவார்கள். கொத்திய இடத்தில் கோப்பையைப் பதித்து வடிகிற பாலைச் சேர்ப்பார்கள். கோடரி பட்டையோடு நிற்காது, உள்மரம் வரைக்கும் போய்விடும். கொஞ்ச வருடத்தில் மரம் முழுக்கக் கழலையும் முடிச்சுமாகி, பால் எடுக்க நல்ல பட்டையே இராது.

நம்ம நாட்டுக் காட்டிலும் இதைவிட மோசமான கதை ஒன்று நடந்தது. கட்டாபெர்ச்சா என்று ஒரு மரம். அதன் பால் உறைந்தால் கெட்டியாகும், மின்சாரத்தைக் கடத்தாது. ஆகையால் கடலடியில் போடும் தந்திக் கம்பிகளுக்கு உறையாக அது பயன்பட்டது. ஐரோப்பாவில் ஏகப்பட்ட கிராக்கி. பாலுக்காக மரத்தையே வெட்டிச் சாய்த்தார்கள். எண்ணற்ற மரங்கள் விழுந்தன. சிங்கப்பூர் காடுகளில் அந்த மரம் அநேகமாக இல்லாமலே போய்விட்டது.

மலாய் மொழியில் மரப்பாலுக்கு கெத்தா என்று பெயர். அந்தச் சொல்லிலிருந்துதான் கட்டாபெர்ச்சா என்ற பெயர் பிறந்தது. நாம் ரப்பரை கித்தா என்று சொல்கிறோமே, அதுவும் அந்தச் சொல்லிலிருந்து வந்ததுதான்.

ஆக, ரிட்லியின் முன்னால் இருந்த கேள்வி இதுதான்: மாட்டைக் கொன்று பால் கறக்கிறவன் உண்டா? கன்றுக்கும் விட்டு, மாடும் நோகாமல், நாளும் கறக்கிறதுதானே முறை? மரத்துக்கு மட்டும் அந்த முறை ஏன் இல்லை?

மீன் முள் வெட்டு

ரிட்லி மரத்தடிக்குப் போனார். கோடரியைத் தள்ளி வைத்துவிட்டு, கூரிய கத்தியால் பட்டையை மட்டும் மெல்லச் சீவிப் பார்த்தார். எந்த உயரத்தில் வெட்டினால் எவ்வளவு பால், எந்த நேரத்தில் வெட்டினால் எவ்வளவு பால் என்று வருடக்கணக்கில் சோதனை செய்தார்.

அவர் கண்ட முதல் உண்மை: பால் மரத்தின் நடுவில் இல்லை, பட்டைக்குள் உள்ள நுண்ணிய குழாய்களில் இருக்கிறது. பட்டைக்கும் உள்மரத்துக்கும் இடையில் ஒரு மெல்லிய வளர்படலம் உண்டு. புதுப் பட்டையை உண்டாக்குவது அதுதான். அதைத் தொடாமல் சீவினால், சீவிய இடத்தில் மறுபடியும் பட்டை வளரும். சில வருடம் கழித்து அதே இடத்தில் திரும்ப வெட்டலாம். அதைக் காயப்படுத்திவிட்டால் அந்த இடம் முடிச்சு விழுந்து வீணாகிப் போகும். காயம் பட்டால் கங்காணி ஏன் சத்தம் போட்டார் என்று இப்போது விளங்குகிறதா?

இரண்டாவது உண்மை இன்னும் வியப்பானது. ஒரே கோட்டின் கீழ் ஓரத்தை ஒவ்வொரு முறையும் மெல்லச் சீவித் திறந்தால், பால் குறைவதில்லை. முதல் நாளைவிட அடுத்தடுத்த நாட்களில் அதிகமாக வருகிறது! புண்பட்ட இடத்துக்கு மரம் பாலை அனுப்பப் பழகிக்கொள்கிறது. ஏறக்குறைய அதே காலத்தில் இலங்கையில் பேராதனைத் தோட்டத்து ஆராய்ச்சியாளர்களும் இதைக் கண்டார்கள்.

மூன்றாவது, நேரம். வெயில் ஏறினால் இலைகள் வழியாக நீர் ஆவியாகிப் போகும். மரத்துக்குள் அழுத்தம் குறையும். பால் சீக்கிரம் நின்றுவிடும். விடியற்காலையில் மரம் நீர் நிறைந்து விறைப்பாக இருக்கும். பால் நன்றாக ஓடும். நம்ம தாய்மார்கள் தூங்குகிற பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு இருட்டிலேயே ஓடினார்களே, அதற்குக் காரணம் துரையின் பிடிவாதம் மட்டும் அல்ல, மரத்தின் இயற்கையும்தான்.

இவற்றையெல்லாம் சேர்த்து 1890களின் நடுவில் ரிட்லி ஒரு முறையை வகுத்தார். நடுவில் நேராக ஒரு கால்வாய். இரண்டு பக்கமும் சாய்வாகச் சின்னச் சின்னக் கோடுகள். பார்த்தால் மீன் முள் மாதிரி இருக்கும். அதற்கு மீன் முள் வெட்டு என்றே பெயர். பிற்காலத்தில் ஆராய்ச்சி வளர, பல கோடுகள் வேண்டாம், ஒரே கோடு போதும் என்று அரைச்சுற்று வெட்டு வந்தது. பால் குழாய்கள் பட்டைக்குள் சற்றே சாய்ந்து ஏறுகின்றன என்றும், இடம் உயர்ந்து வலம் தாழ்ந்த கோடுதான் அதிகமான குழாய்களைத் திறக்கும் என்றும் கண்டார்கள். ஆனாலும் அடிப்படை மாறவில்லை. மெல்லச் சீவு, காயப்படுத்தாதே, அதே கோட்டைத் திற. இந்த மூன்றும் ரிட்லி காட்டிய வழி. இந்த முறையில் ஒரு மரம் இருபத்தைந்து, முப்பது வருடம் பால் தரும்.

கிறுக்கன் என்ற பட்டம்

கண்டுபிடித்தால் போதுமா? கேட்க ஆள் வேண்டாமா?

அப்போது மலாயாவில் தோட்டக்காரர்கள் காப்பியில் மூழ்கியிருந்தார்கள். ரப்பர் நட்டால் ஆறேழு வருடம் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கணும். யார் காத்திருப்பார்கள்? ரிட்லி விடவில்லை. கண்ணில் பட்ட தோட்டக்காரர்களிடமெல்லாம் ரப்பரைப் பற்றியே பேசினார். சட்டைப் பையில் விதையை வைத்துக்கொண்டு, போகிற இடத்திலெல்லாம் நடச் சொல்லி நீட்டுவார் என்று சொல்வார்கள். முதுகுக்குப் பின்னால் அவருக்குக் கிறுக்கு ரிட்லி என்று பட்டம் கட்டிச் சிரித்தார்கள்.

அவரை நம்பி முதலில் நிலத்தில் இறங்கியவர் ஓர் ஆங்கிலேயர் அல்ல. மலாக்காவைச் சேர்ந்த சீனர் தான் சே யான். 1896இல் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் சுமார் 40 ஏக்கரில் ரப்பர் நட்டார். பிறகு புக்கிட் அசஹானில் பெரிய அளவில் விரிவாக்கினார். இந்த நாட்டின் முதல் வணிக ரப்பர் தோட்டம் அவருடையதுதான்.

காலமும் திரும்பியது. பிரேசில் காப்பி சந்தையில் குவிந்து விலை சரிந்தது. நேற்றுச் சிரித்தவர்கள் இன்று விதை கேட்டுத் தாவரத் தோட்டத்து வாசலில் நின்றார்கள். 1888இல் டன்லப் காற்றடைத்த டயரைச் செய்திருந்தார். முதலில் சைக்கிள், பிறகு மோட்டார் கார் என்று உலகமே ரப்பர் மீது உருள ஆரம்பித்தது. 1910இல் ரப்பர் விலை வானத்தைத் தொட்டது. 1914க்குள் ஆசியத் தோட்டங்களின் ரப்பர் காட்டு ரப்பரை மிஞ்சிவிட்டது. கிறுக்கு ரிட்லி என்ற பெயர் போய் ரப்பர் ரிட்லி என்ற பெயர் வந்தது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. ரிட்லி தாம் கண்டதைப் பூட்டி வைக்கவில்லை. தம்முடைய வேளாண்மைச் செய்தி இதழில் 1897இல் ரப்பர் பயிரிடும் முறையை எல்லாரும் படிக்கும்படி எழுதினார். அவர் சம்பளத்துக்கு வேலை பார்த்த அரசாங்க ஊழியர். கோடி கோடியாகச் சம்பாதித்தவர்கள் வேறு பேர்.

கதையின் மறுபக்கம்

பெற்றோர்களே, இங்கே ஓர் உண்மையை மறைக்காமல் சொல்ல வேண்டும். ரப்பர் லாபம் தரும் என்றானதும் காடு அழிக்கவும், மரம் நடவும், பால் வெட்டவும் ஆயிரம் ஆயிரமாக ஆட்கள் தேவைப்பட்டார்கள். தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து ஆள் சேர்த்தார்கள். ஒப்பந்தக் கூலி முறை 1910இல் நிறுத்தப்பட்டது. கங்காணி முறையில் ஆள் கொண்டுவருவது 1938 வரை நடந்தது. மலேரியாவில் மடிந்தவர்கள் எத்தனையோ ஆயிரம் பேர். லயத்து அறையில் ஒரு குடும்பம், அரைவயிற்றுக் கஞ்சி, தலைமுறை தலைமுறையாகக் கடன்.

மரத்தைக் காயப்படுத்தாதே என்று ஓர் அறிஞர் சொன்னார். அந்தச் சொல்லைத் தோட்டம் தோட்டமாகக் கடைப்பிடித்தார்கள். மரத்துக்குக் காட்டிய அந்தக் கவனத்தில் பாதியையாவது மரம் வெட்டிய மனிதனுக்குக் காட்டினார்களா? இது ரிட்லியின் குற்றம் அல்ல. ஆனால் அவர் கண்ட அறிவின் பலன் எப்படிப் பங்கிடப்பட்டது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் கதை முழுமை அடையும்.

அந்தக் கஷ்ட காலத்தில்தான் ஒரு சின்ன விளக்கும் எரிந்தது. 1923இல் வந்த தொழிலாளர் சட்டம், ஏழு முதல் பதினான்கு வயதுக்குள் பத்துப் பிள்ளைகள் இருக்கும் தோட்டத்தில் பள்ளி இருக்க வேண்டும் என்றது. பல இடங்களில் அது ஓர் ஓலைக் கொட்டகை, ஒரே வாத்தியார். ஆனாலும் அந்தக் கொட்டகைகள்தான் பிறகு எத்தனையோ தமிழ்ப் பள்ளிகளாக வளர்ந்தன.

ஓயாத உழைப்பு

ரிட்லியை வெறும் ரப்பர் மனிதர் என்று நினைத்துவிடாதீர்கள். பஹாங் காடுகளிலும் கிறிஸ்மஸ் தீவிலும் அலைந்து செடிகளைச் சேகரித்தார். சிங்கப்பூரில் ஆக்னஸ் ஜோவாக்கிம் என்ற பெண்மணியின் தோட்டத்தில் பூத்த புது ஆர்கிட் மலரை 1893இல் உலகுக்கு அறிவித்தவரும் அவர்தான். அந்த வாண்டா மிஸ் ஜோவாக்கிம் மலரே 1981இல் சிங்கப்பூரின் தேசிய மலரானது. 1907இல் லண்டன் ராயல் சங்கம் அவரை உறுப்பினராக ஏற்றது.

1911ஆம் ஆண்டோடு சிங்கப்பூர் பணி முடிந்தது. ஓய்வு பெற்றவர் ஈசிச்சேரில் சாய்ந்துவிட்டாரா? இல்லை. கியூவில் குடியேறி, 1922 முதல் 1925 வரை மலாய்த் தீபகற்பத்தின் தாவரங்களைப் பற்றி ஐந்து பெரிய தொகுதிகளை வெளியிட்டார். 1930இல், எழுபத்து நான்காவது வயதில், விதைகள் காற்றிலும் நீரிலும் பறவையிலும் ஏறி உலகெங்கும் பரவுவதைப் பற்றி மாபெரும் நூல் ஒன்றைத் தந்தார். கல்யாணம் செய்துகொண்டதோ எண்பது வயதைத் தாண்டிய பிறகு! கேட்டால் சிரிப்பு வரும், ஆனால் உண்மை. 1955 டிசம்பரில் நூறு வயது நிறைந்தது. 1956 அக்டோபர் 24ஆம் நாள் கியூவில் காலமானார். மலாயா சுதந்திரம் பெற அப்போது ஒரு வருடம்கூட இல்லை.

உளி பிடித்த கை, நுண்ணோக்கி பிடிக்கும் கை

ரிட்லி தனி ஆளாக மரத்தடியில் ஆரம்பித்த வேலைக்குப் பிறகு ஒரு நிறுவனமே எழுந்தது. 1925இல் சட்டம் இயற்றி மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தை உண்டாக்கினார்கள். சுங்கை பூலோவில் அதன் சோதனைத் தோட்டம். அதிகப் பால் தரும் மர இனங்களை ஒட்டுக் கட்டி உருவாக்குவது, மர நோய்களுக்கு மருந்து காண்பது, பாலின் இரசாயனத்தை ஆராய்வது என்று வேலைகள் விரிந்தன. 1998இல் அது மலேசிய ரப்பர் வாரியத்தோடு இணைந்தது.

அந்தக் கழகத்தின் தலைமை நாற்காலியில் நெடுங்காலம் வெள்ளைக்காரர்களே இருந்தார்கள். 1966இல் அந்த நாற்காலியில் முதன்முதலாக ஓர் ஆசியர் உட்கார்ந்தார். அவர் பி. சி. சேகர். 1929இல் அவர் பிறந்தது எங்கே தெரியுமா? சுங்கை பூலோவுக்கு அருகில் உள்ள உலு பூலோ ரப்பர் தோட்டத்தில்! இரசாயனம் படித்து டாக்டர் பட்டம் பெற்றவர். பெட்ரோலியத்திலிருந்து செய்த செயற்கை ரப்பர் சந்தையைப் பிடித்துக்கொண்டிருந்த நேரம் அது. ரப்பர் ஷீட்டைக் கண்ணால் பார்த்துத் தரம் பிரித்த பழைய வழக்கத்தை மாற்றி, சோதனைச்சாலையில் அளந்து தரம் சொல்லும் மலேசியத் தர ரப்பர் திட்டம் 1965இல் வந்தது. அதற்கு முன்னின்று உழைத்தவர் அவர். 1973இல் மகசேசே விருது அவரைத் தேடி வந்தது. 2006இல் மறைந்தார். பால் மரத்தின் நிழலில் பிறந்த பிள்ளை, பால் மரத்தைப் பற்றி உலகத்துக்கே பாடம் சொன்னது.

இன்று பல ரப்பர் தோட்டங்கள் செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதியாகவும் மாறிவிட்டன. உளியைப் பார்க்காத பிள்ளைகளும் நம்மிடையே உண்டு. ஆனாலும் ஆஸ்பத்திரியில் டாக்டர் மாட்டும் கையுறையிலும், ஆகாய விமானத்தின் சக்கரத்திலும் இயற்கை ரப்பர் இருக்கிறது. அதை ஆராய இரசாயனம் தெரிந்தவர் வேண்டும், தாவரவியல் தெரிந்தவர் வேண்டும், இயந்திரம் தெரிந்தவர் வேண்டும். அந்த வேலைகள் நம்ம பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் இல்லை.

மாணவச் செல்வங்களே! இன்று மேடையேறிப் பரிசு வாங்கப் போகிறீர்கள். சிலருக்குப் பரிசு கிடைத்திருக்காது. பரவாயில்லை, ரிட்லிக்கும் பல வருடம் கிடைத்தது கேலிதான். இன்று வீட்டுக்குப் போனதும் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் பாட்டியோ தாத்தாவோ மரம் வெட்டியவராக இருந்தால், அவர் பக்கத்தில் உட்கார்ந்து, எப்படி வெட்டினீர்கள் என்று கேளுங்கள். எவ்வளவு ஆழம், எந்தச் சாய்வு, மழை பெய்தால் என்ன செய்வீர்கள், மரம் பால் தராமல் வறண்டால் எப்படித் தெரியும் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். கேட்டதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அவர்கள் பள்ளிக்கூடம் போகாதவர்களாக இருக்கலாம். ஆனால் ரிட்லி வருடக்கணக்கில் நின்று கண்ட உண்மையை அவர்கள் கைகள் ஆயிரம் ஆயிரம் விடியலில் செய்து காட்டியிருக்கின்றன.

ரிட்லி கண்டது ஏடுகளில் இருக்கிறது. அவர்கள் கண்டதை எழுதி வைக்க உங்களைத் தவிர வேறு யார் இருக்கிறார்கள்?

வாழ்க நம் பள்ளி! வளர்க நம் பிள்ளைகள்!